சிஸ்டத்துல காட்டுது மேடம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மார்ச் மாதம், போர்ட் பிளேயருக்குப் பக்கத்தில் புரோத்ராபூரில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. இப்போது எழுத உட்கார்ந்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நடுவில் எங்காவது குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மேய்ப்பவள் நான். சத்தம் போடுவது தொழிலோடு வந்த பழக்கம்.

என் பள்ளிக்கூடம் வண்டூர்ப் பக்கம். காலையில் பஸ் பிடித்துப் போனால் வீடு திரும்ப சாயங்காலம் ஆகிவிடும். கணவருக்குத் தீவுகளின் தெற்குக் கோடியில் இருக்கும் கேம்பல் பேயில் அரசாங்க வேலை. வரைபடத்தில் பார்த்தால் ஒரே யூனியன் பிரதேசம்தான். ஆனால் அவர் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் கப்பலுக்கு டிக்கெட் கிடைக்க வேண்டும், கடலும் ஒத்துழைக்க வேண்டும். வருடத்தில் சில முறைதான் வருவார். வீட்டில் நானும் எங்கள் ஒரே மகளும்தான். அந்த வருடம் அவள் ப்ளஸ் டூ.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால், குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. இங்கே பார்த்த டாக்டர், "மெயின்லேண்ட் போய்க் காட்டிடுங்க" என்றார். தீவில் இருப்பவர்களுக்கு இந்த வாக்கியம் பழக்கமானது. கொஞ்சம் பெரிய விஷயம் என்றால் சென்னைதான். கணவரும் லீவு போட்டுவிட்டு வந்தார். மகளைப் பக்கத்து வீட்டு வங்காளிக் குடும்பத்திடம் விட்டுவிட்டு இருவரும் சென்னைக்குப் போனோம். அங்கே ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் சோதித்துப் பார்த்து, அதுதான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஆரம்ப நிலை, சின்னது. ஜனவரி முதலிலேயே கட்டியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கதிர்வீச்சு சிகிச்சை மட்டும் பாக்கி. மகளுக்குப் பொதுத்தேர்வு என்று கெஞ்சினேன். மார்ச் கடைசிக்குள் வந்துவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அவளிடம் சொல்லக்கூடாது என்று நானும் கணவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். எனக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தாலே ராத்திரி எழுந்து எழுந்து நெற்றியில் கை வைத்துப் பார்க்கிற பெண் அவள். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று ஆசை. பரீட்சை நேரத்தில் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாதா? "சாதாரணக் கட்டிதான், எடுத்தாச்சு" என்று சொன்னேன். கட்டியை எடுத்தது உண்மை. சாதாரணம் என்ற ஒரு வார்த்தைதான் பொய். மருத்துவமனைக் கோப்பு மொத்தமும் கணவரின் பெட்டியில் ஏறி, கேம்பல் பேக்குக் கப்பலில் போய்விட்டது. சொந்தக்காரர்களிடம் மூச்சு விடவில்லை. எங்கள் ஊரில் காலையில் படகுத்துறையில் ஒருவரிடம் ஒன்றைச் சொன்னால், சாயங்காலம் மீன் வாங்கப் போகிற இடத்தில் அதைப் பற்றி நம்மையே விசாரிப்பார்கள்.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று நானே அவளிடம் சொல்வதாக இருந்தேன். எப்படிச் சொல்வது என்று தினமும் பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போவேன். முதலில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். பிறகு, ரொம்பச் சின்னதிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று. பிறகு, இனிமேல் செய்ய வேண்டியது கொஞ்சம்தான் என்று. நோயின் பெயரைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும், அதுவும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு. நல்லதை முதலில் சொல்லிவிட்டால் அந்தப் பெயர் கேட்பதற்கு அவ்வளவு பயங்கரமாக இருக்காது என்பது என் கணக்கு.

எனக்கு, என் கணவருக்கு, டாக்டருக்கு. இவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். சென்னை ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறை கார்டைத் தேய்த்தபோதும் இன்னொருவர் பக்கத்தில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தமானில் எந்தப் படிவத்தை நீட்டினாலும் இரண்டு போன் நம்பர் எழுதுவோம். கேஸ் இணைப்பு, கப்பல் டிக்கெட், ஆஸ்பத்திரிச் சீட்டு, எதுவாக இருந்தாலும் அப்படித்தான். ஒன்று நம்முடையது. இன்னொன்று சிக்னல் கிடைக்கிற இடத்தில் இருக்கும் யாராவது ஒருவருடையது. கேட்கிறவர்களும் அப்படித்தான் கேட்பார்கள். என் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் விவரங்களைப் புதுப்பிக்கப் போனபோது கவுன்டரில் இருந்த பையன், "வண்டூர்ல டவர் கிடைக்காது மேடம், வேற ஒரு நம்பர் குடுங்க, அவசரத்துக்கு" என்றான். எங்கள் பள்ளிக்கூடத்துக்குள் என் போன் வெறும் கடிகாரம்தான். அதனால் மகள் நம்பரைக் கொடுத்தேன். கணக்கில் ஏதாவது தகராறு என்றால் அவள் எனக்குச் சொல்லட்டும் என்றுதான் கொடுத்தேன். அவசரத்துக்கு என்று அந்தப் பையன் சொன்ன வார்த்தையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்கவே இல்லை.

பரீட்சைகள் ஆரம்பித்தன. முதல் ஒன்றிரண்டு நன்றாகவே போயின. நடுவில் ஒரு நாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது டீ போட்டு வைத்திருந்தாள். ஆச்சரியமாக இருந்தது. பால் பொங்கி வழிந்தால்கூடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காத பெண் அவள். மறுநாள் குழாயில் தண்ணீர் வந்தது. கோடையில் எங்களுக்கு ஒன்று விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். அதற்குள் டிரம், வாளி, குடம் எல்லாவற்றையும் நிரப்பிவிட வேண்டும். நான் வாளியைத் தூக்கப் போனேன். ஓடி வந்து என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"போய்ப் படி, நாளைக்கு எக்ஸாம் இருக்கு" என்றேன்.

"பத்து நிமிஷம்தான். நீ போய் உக்காரு அம்மா. ஆராம் கரோ" என்றாள், ஓய்வெடு என்று. தீவுப் பிள்ளைகளுக்குப் பாதிப் பேச்சு ஹிந்திதான்.

எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா! பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அன்றைக்கே கணவருக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். சாப்பிடும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னடி என்றால் ஒன்றுமில்லை என்பாள். விடியற்காலை விளக்கு எரியும். போய்ப் பார்த்தால் புத்தகம் திறந்திருக்கும், போனும் கையில் இருக்கும். யூடியூபில் பாடம் பார்க்கிறாள் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டு வருவேன். உயிரியல் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று முகம் சரியில்லை. பேப்பர் கஷ்டமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாற்பது பிள்ளைகளில் எவன் எவனைக் கிள்ளினான் என்று முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்கிறவள் நான். வீட்டில் இருந்த ஒரே பிள்ளையின் முகத்தில் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாமல் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம். அவள் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் அடித்தது. ஏதோ தெரியாத நம்பர். தோழிகள் யாராவது சந்தேகம் கேட்கக் கூப்பிடுவார்களோ என்று எடுத்தேன். ஒரு பெண் குரல், கணீரென்று, நல்ல சென்னைத் தமிழ். என் முழுப் பெயரைச் சொல்லி, நீங்கள்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"மேடம், போன வாரமே உங்க பொண்ணுகிட்ட பேசினோம். அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்னாங்க, திரும்பக் கூப்பிடவே இல்ல. உங்க கேன்சர் ட்ரீட்மென்டுக்கு நம்ம பேங்க்ல ஒரு ப்ரீ-அப்ரூவ்டு லோன் வந்திருக்கு மேடம். எந்தப் பேப்பரும் வேண்டாம், ஒரே ஓடிபி..."

அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

"எனக்குக் கேன்சர்னு யார் சொன்னது உங்களுக்கு?"

"சிஸ்டத்துல காட்டுது மேடம்."

"என்ன காட்டுது?"

"ஹாஸ்பிடல் பேமென்ட் எல்லாம் இருக்கு இல்ல மேடம், அதை வெச்சு ஆஃபர் ஜெனரேட் ஆகும்."

"என் பொண்ணுகிட்ட இதையேதான் சொன்னீங்களா?"

"ஆமா மேடம். உங்க மெயின் நம்பர் நாட் ரீச்சபிள். ஆல்டர்னேட் நம்பர்ல ட்ரை பண்ணினோம். டாட்டர்னு சொன்னாங்க, அதனால டீடெயில் சொல்லி அம்மாகிட்ட சொல்லச் சொன்னோம்."

எவ்வளவு இயல்பாகச் சொல்கிறாள் பாருங்கள். துணிக்கடையில் தள்ளுபடி போட்டிருக்கிறார்கள், அம்மாவிடம் சொல்லிவிடு என்பதுபோல. அந்தப் பெண்ணைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். பாவம், அவளுக்கும் என் மகளைவிட நாலைந்து வயதுதான் அதிகம் இருக்கும். எவனோ திரையில் எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறாள். போனைக் கட் செய்தேன். ஓங்கி அறைவதற்கு எதிரில் ஒரு கன்னம் இல்லையே என்றுதான் இருந்தது.

மகள் தலையில் துண்டோடு வந்தாள். என் கையில் அவள் போனைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"அவங்களா?" என்று கேட்டாள்.

தலையை ஆட்டினேன். பஸ்ஸில் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அப்போது வாயில் வரவில்லை. அவள்தான் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா, சச் போலோ. உண்மையச் சொல்லு, நீ செத்துப் போயிடுவியா?"

பெற்ற பெண் நேருக்கு நேர் பார்த்துக் கேட்கிறாள். பதினேழு வயதில் ஒரு பெண் கேட்கிற கேள்வியா இது? இல்லடி, இல்லடி, சின்னதிலேயே கண்டுபிடிச்சாச்சு, எடுத்தாச்சு, கொஞ்ச நாள் சென்னையில கரண்ட் வைக்கிறது மட்டும்தான் பாக்கி என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவள் நம்பவில்லை. அவள் முகம் மாறவே இல்லை.

"பொய் சொல்லாதம்மா. சின்னதுன்னா அவங்க ஏன் அவ்ளோ பைசா குடுக்கறாங்க?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் மெல்ல மெல்லச் சொன்னாள். அந்தப் பெண் போனில் ஒரு பெரிய தொகையைச் சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டை விற்றால்கூட அவ்வளவு வருமா தெரியாது. கேட்காமலே ஒரு வங்கி இவ்வளவு கொடுக்கிறது என்றால் அம்மாவுக்கு வந்திருப்பது எவ்வளவு பெரிய வியாதியாக இருக்க வேண்டும் என்று இவள் கணக்குப் போட்டிருக்கிறாள். வங்கிக்கு எல்லாம் தெரியும், அம்மாதான் மறைக்கிறாள். அதனால் வங்கி சொல்வதுதான் உண்மை. நான் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன் என்று முடிவு செய்துவிட்டாள். விடியற்காலையில் போனில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது பாடம் இல்லை. இந்த வியாதி முற்றியவர்கள் எத்தனை நாள் இருப்பார்கள் என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்தக் கணக்கோடுதான் உயிரியல் பரீட்சை எழுதியிருக்கிறாள்.

"ஏன்டி எங்கிட்ட கேக்கல?" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு தெரிஞ்சா நீ இன்னும் டென்ஷன் ஆவ இல்ல" என்றாள்.

நான் அவளுக்காக மறைத்தேன். அவள் எனக்காக மறைத்தாள். ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, தனித்தனியாக. நடுவில் ஒரு வங்கி எங்கள் இருவரைப் பற்றியும் எல்லாம் தெரிந்துகொண்டு, வட்டி விகிதம் பேசிக்கொண்டிருந்தது. கேம்பல் பேக்குப் போன் போட்டு, லைன் கிடைத்து, கணவர் கோப்பைப் பிரித்து டாக்டர் எழுதியிருந்ததை வரி வரியாக அவளுக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் அவள் அழுதாள். அழுத பிறகுதான் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வங்கிக்குப் போனேன். வரவேண்டாம் என்று சொல்லியும் மகள் கூடவே வந்தாள். அடுத்த பரீட்சைக்கு இரண்டு நாள் இருந்தது. வாரத்தின் முதல் நாள் என்பதால் கூட்டம் இருந்தது. மேலாளரின் அறைக்குள் போய் நடந்ததைச் சொன்னேன். மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்தவர், ஹிந்திக்காரர், மரியாதையானவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார். பிறகு கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்கள் சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள் மேடம்" என்றார்.

எப்போது கொடுத்தேன்? வங்கியின் செயலியைப் புதுப்பித்த ஒரு நாள் சம்பளம் வந்துவிட்டதா என்று பார்த்தேனாம். அப்போது வந்த பக்கத்தில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அழுத்தினேனாம். அழுத்தியிருப்பேன். அழுத்தாவிட்டால் செயலி திறக்காது. என் சம்பளத்தை நானே பார்ப்பதற்கு நான் கொடுக்க வேண்டிய கட்டணம் அது. என் செலவுகளைப் பார்த்து, ஆராய்ந்து, எனக்குப் பயன்படக்கூடிய சேவைகளைப் பரிந்துரைக்க வங்கிக்கும் அதன் கூட்டாளி நிறுவனங்களுக்கும் நான் அனுமதி கொடுத்திருக்கிறேன் என்று அவர் வாசித்துக் காட்டினார். என் நோய் அவர்களுக்கு ஒரு சேவை வாய்ப்பு.

"சரி, அது நான். என் பெண் எதை அழுத்தினாள்? அவள் நம்பரை அவசரத்துக்கு என்று கேட்டு வாங்கினீர்களே, எனக்குக் கடன் விற்பதுதான் உங்களுக்கு அவசரமா?" என்று கேட்டேன். ஹிந்தியில்தான் கேட்டேன். கோபம் வந்தால் எனக்கு ஹிந்தி இன்னும் நன்றாக வரும்.

முதன்மை நம்பர் கிடைக்காவிட்டால் மாற்று நம்பருக்கு அழைப்பது நடைமுறை என்றார். அழைப்பது தலைமை அலுவலகம் அமர்த்தியிருக்கும் வேறு ஒரு நிறுவனம், கிளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். என் குரல் ஏறிக்கொண்டே போனது. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே தலைகள் திரும்பின. அவர் முன்னால் குனிந்து, கையைத் தாழ்த்திக் காட்டி, மெதுவாகச் சொன்னார்: "ஆஹிஸ்தா மேடம், ஆஹிஸ்தா. வெளியே எல்லோருக்கும் கேட்கும். உங்கள் பிரைவசிக்காகத்தான் சொல்கிறேன்."

என் பிரைவசி! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்தேன். அவர் பயந்துபோனார்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த நிமிடம் எனக்கும் தயக்கம் இருந்தது. வெளியே வரிசையில் என் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா நின்றுகொண்டிருந்தார். எங்கள் சொந்தத்தில் ஒரு அண்ணியும் பாஸ்புக்கோடு உட்கார்ந்திருந்தாள். நான் சண்டை போட வேண்டும் என்றால் எதற்காகச் சண்டை போடுகிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். பேசாமல் எழுந்து வீட்டுக்குப் போனால் ரகசியம் காப்பாற்றப்படும். எனக்கு மட்டுமில்லை, அவர்களுக்கும். என்னைப் போன்றவர்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வார்கள் என்ற தைரியத்தில்தானே இவ்வளவும் நடக்கிறது? மகளைப் பார்த்தேன். "போல் தோ அம்மா" என்றாள், சொல்லிவிடு என்று.

எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். முப்பது பேர் இருந்திருப்பார்கள். வகுப்பில் பேசுகிற குரலிலேயே, எல்லோருக்கும் புரிகிற எங்கள் தீவு ஹிந்தியில் சொன்னேன். எனக்குப் புற்றுநோய். ஆபரேஷன் ஆகிவிட்டது, நன்றாக இருக்கிறேன். இதை யாரிடம் எப்போது சொல்வது என்பது என் இஷ்டமாக இருந்தது. இந்த வங்கி நான் ஆஸ்பத்திரியில் கட்டிய பணத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து, பரீட்சை எழுதிக்கொண்டிருந்த என் மகளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டது. கடன் விற்பதற்காக. நீங்கள் எல்லோரும் இரண்டாவது நம்பர் என்று யாருடைய நம்பரைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இவ்வளவுதான் சொன்னேன்.

அண்ணி வாயில் கை வைத்துக்கொண்டாள். பிறகு வரிசையில் நின்ற ஒரு தெலுங்குக்காரர், மீன்பிடிக்கிறவர் போல இருந்தது, கவுன்டர் கம்பியைத் தட்டி, "மேரா பீ காட் தோ" என்றார். என்னுடையதையும் எடுத்துவிடு. அவர் கொடுத்திருந்தது மருமகள் நம்பராம். கடலுக்குப் போனால் தனக்குப் போன் எடுக்காது என்று கொடுத்தாராம். அவருக்குப் பின்னால் இன்னொருவர். அப்புறம் பாஸ்புக்கை மடியில் வைத்தபடியே அண்ணி. பணம் எடுக்க வந்த கூட்டம் நம்பர் எடுக்கிற கூட்டமாக மாறிவிட்டது.

கவுன்டரில் இருந்த பையன் திணறிப்போனான். என்னிடம் அன்றைக்கு நம்பர் கேட்ட அதே பையன்தான். "எடுக்க முடியாது மேடம், மாத்தத்தான் முடியும். அந்தக் கட்டத்தைக் காலியா விட்டா சிஸ்டம் ஏத்துக்காது" என்றான். மறுபடியும் சிஸ்டம்! என் பெண்ணுக்கு என் வியாதியைச் சொல்லத் தெரிந்த சிஸ்டத்துக்கு ஒரு கட்டத்தைக் காலியாக விடத் தெரியாது.

"அப்படியானால் உங்கள் மேலாளர் நம்பரைப் போடு" என்றேன்.

பையன் மேலாளரைப் பார்த்தான். மேலாளர் கூரையைப் பார்த்தார். என் சொந்த நம்பரை எப்படி மேடம் கொடுப்பது, கண்டவர்களெல்லாம் கூப்பிடுவார்களே என்றார். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். முகம் சிவந்துவிட்டது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் அங்கிருந்து நகர மாட்டேன் என்றேன். நகரவும் இல்லை. கடைசியில் அந்தக் கிளையின் லேண்ட்லைன் நம்பரையே என் மாற்று நம்பராகப் பதிவு செய்தார்கள். அன்றைக்கு அப்படி மாற்றிக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர். இப்போது எங்களுக்கெல்லாம் கடன் வேண்டுமா என்று கேட்டு வருகிற அழைப்புகள் அந்த வங்கிக்குள்ளேயே அடித்துக்கொண்டிருக்கும். அடிக்கட்டும்.

நான் எதிர்பார்த்தபடியே சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்கள், மாதுளம்பழத்தோடு வந்தார்கள், தெரிந்த யாரோ செத்துப்போன கதையோடும் வந்தார்கள். எல்லோருக்கும் டீ கொடுத்து அனுப்பியது என் மகள்தான். தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். ரொம்ப நாள் கழித்துப் பதில் வந்தது. தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம், எனினும் தங்கள் ஒப்புதலின் பேரிலேயே தொடர்பு கொள்ளப்பட்டது என்று நாலு வரி. அதற்குக் கீழே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அசௌகரியமாம். செருப்பு கடிப்பதற்குச் சொல்கிற வார்த்தை அது. வங்கிகளுக்கு மேலே இருக்கும் குறைதீர்ப்பாளருக்கும் எழுதியிருக்கிறேன். விடுவதாக இல்லை.

மார்ச் கடைசியில் சென்னைக்குப் போய்க் கதிர்வீச்சு சிகிச்சையை முடித்துவிட்டு வந்தேன். இந்த முறை மகளும் கூட வந்தாள். இப்போது நன்றாக இருக்கிறேன். சோதனைக்குப் போகும்போதெல்லாம் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே சொல்கிறார்கள். மருத்துவமனையில் கார்டு தேய்ப்பதில்லை, பணமாகக் கட்டுகிறேன். மகளுக்கு உயிரியலில் அவள் எதிர்பார்த்த மார்க் வரவில்லை. அந்தப் போனால் இல்லை அம்மா, பேப்பரே கஷ்டம் என்கிறாள். இப்போது போர்ட் பிளேயரிலேயே நர்சிங் படிக்கிறாள், சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். அந்தப் போன் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் யாரிடமும் நிரூபிக்க முடியாது. அவர்களுக்கு வசதியே அதுதான்.

என் வியாதியைப் பற்றி நானும் அவளும் இப்போது எதையும் மறைக்காமல் பேசிக்கொள்கிறோம், கிண்டல்கூடச் செய்கிறோம். ஆனாலும் என் மகளிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய அந்த ஒரு வார்த்தையை யாரோ முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்கள். இனி அதை நான் எத்தனை முறை சொன்னாலும், முதல் முறையாகச் சொல்ல முடியாது.